‘கப்பலோட்டிய தமிழன்’: படத்தில் வரும் கம்பெனி எப்படி ஓடியது, எதனால் மூடப்பட்டது?

செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. பிறந்தநாள். அன்றைக்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் துண்டுக் காட்சிகள் கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்துவிடும். நவம்பர் 18 அவர் மறைந்த நாள், அப்போது இன்னொரு சுற்று. கூடவே அதே கேள்விகளும் வரும். கப்பல் அவருடைய சொந்தக் கப்பலா? வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்ததால்தான் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டதா? இலவசமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் நட்டம்தானே, அவர்கள் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? அவர் ஜெயிலுக்குப் போனது கப்பல் விட்டதற்காகவா, மேடையில் பேசியதற்காகவா?

படத்தைப் பார்த்து மட்டும் இவற்றுக்கு விடை கண்டுபிடிப்பது கஷ்டம். படம் ஒரு தியாகியின் கதையைச் சொல்ல வந்தது, அதை மனசு கலங்கும்படி சொல்லியும் விட்டது. ஆனால் அந்தக் கதைக்கு நடுவில் ஒரு பங்கு நிறுவனம் இருக்கிறது, அதற்கு மூலதனம், கப்பல், செலவு, போட்டியாளர் எல்லாம் இருந்தன. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் அந்த மனிதர் எதை எதிர்த்து நின்றார் என்பதே முழுசாக விளங்கும். அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம்

1961இல் வந்த படம். தயாரித்து இயக்கியவர் பி.ஆர். பந்துலு. ம.பொ.சிவஞானம் எழுதிய வ.உ.சி. வரலாறுதான் அடிப்படை. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன், பாரதியாராக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். பாட்டெல்லாம் பாரதியின் பாட்டு, இசை ஜி. ராமநாதன். இவ்வளவு இருந்தும் வெளியான சமயத்தில் படம் வசூலில் தோற்றது. இன்று அதைக் கொண்டாடுகிற அளவுக்கு அன்று கொண்டாடவில்லை என்பது வருத்தமான விஷயம்தான்.

படத்தில் கப்பல் கம்பெனி ஒரு பகுதி. மில் வேலைநிறுத்தம் இன்னொரு பகுதி. அப்புறம் கைது, வழக்கு, செக்கிழுப்பு, விடுதலை. பார்க்கிறவருக்கு இவை ஒன்றன்பின் ஒன்றாக வருகிற தனித்தனிப் போராட்டங்களாகத் தெரியும். உண்மையில் கப்பலும் மில்லும் ஒரே எதிராளியோடு நடந்த ஒரே மோதலின் இரண்டு முனைகள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தூத்துக்குடி–கொழும்பு தடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1870களில். அதன் பிறகு தென் மாவட்டங்களிலிருந்து இலங்கை போகிற ஆட்களும் சரக்கும் பெருமளவு இந்த வழியாகவே போயின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள், ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் என்று வருடம் முழுக்கக் கூட்டம். பருத்தி போன்ற சரக்கு தனி. ஒரு ராத்திரிப் பயணம், குறுகிய தூரம், நிற்காத கூட்டம்: கப்பல் தொழிலில் இதைவிட நல்ல தடம் அமைவது அபூர்வம்.

அன்றைய தூத்துக்குடித் துறைமுகம் இப்போது இருப்பதுபோல் இல்லை. கரையோரம் ஆழம் கிடையாது. ஸ்டீமர்கள் சில மைல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளையும் சரக்கையும் தோணியிலும் லாஞ்சிலும் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஆகவே கப்பல் இருந்தால் மட்டும் போதாது. தோணிக்காரர், சுமை தூக்குகிறவர், கரையில் கிட்டங்கி, துறைமுக அதிகாரியின் அனுமதி, சுங்கம், பயணிகளுக்கு மருத்துவச் சோதனை என்று பல கைகள் ஒத்துழைத்தால்தான் கப்பல் நேரத்துக்குக் கிளம்பும். இதில் பாதிக்கு மேல் அரசாங்கத்தின் கையில் இருந்தது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எதிரில் நின்றவர்கள் யார்?

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோகத் தொடங்கி, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா, மலாயா என்று இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவிய நிறுவனம். நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள். அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்கள் அவர்களிடம் இருந்தன, அதாவது கப்பலில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரு வருமானம் வந்துகொண்டே இருக்கும்.

தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்தது ஏ. அண்ட் எஃப். ஹார்வி என்ற நிறுவனம். பஞ்சாலை நடத்திய அதே ஹார்வி சகோதரர்கள்தான். அம்பாசமுத்திரம் பக்கம் பாபநாசத்தில் ஒரு மில், மதுரையில் ஒரு மில், தூத்துக்குடியில் கோரல் மில். தென் மாவட்டத்தில் நூல், கூலி, கப்பல் மூன்றிலும் அவர்கள் கை இருந்தது.

கம்பெனி எப்படி அமைந்தது?

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அன்னியத் துணியை எரிப்பது ஒரு வகை என்றால், அன்னியன் செய்கிற தொழிலை நாமே செய்து காட்டுவது இன்னொரு வகை. வ.உ.சி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

கப்பல் யாருடையது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. இது பங்கு நிறுவனம். அதன் அமைப்பு இப்படி:

1. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பங்கு விலையைக் குறைவாக வைத்ததே சின்ன வியாபாரிகளும் உள்ளே வரட்டும் என்ற எண்ணத்தில்தான்.

2. பங்கு வாங்கும் உரிமை இந்தியர், இலங்கையர், மற்ற ஆசிய நாட்டவருக்கு மட்டும். இது வெறும் உணர்ச்சிக்காக வைத்த விதி என்று நினைத்துவிடாதீர்கள், போட்டிக் கம்பெனியின் ஆட்கள் பங்கை வாங்கி உள்ளே புகுந்து கம்பெனியைக் கவிழ்க்காமல் இருக்கவும் இது உதவும்.

3. தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட அதே பாலவநத்தம் ஜமீன்தார். பெரிய பங்குதாரர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 பங்கு எடுத்தார், அதாவது 2 லட்சம் ரூபாய், மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

4. வ.உ.சி.யின் பதவி உதவிச் செயலாளர். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றது, கப்பல் தேடி அலைந்தது, ஏஜெண்டுகளைப் பிடித்தது எல்லாம் அவர்தான். ஆனால் சட்டப்படி முதலாளி அவர் இல்லை, இயக்குநர் குழுவுக்குக் கீழே இருந்த ஒரு நிர்வாகி. இந்த வேறுபாடு பின்னால் அவருக்கே சிக்கலாக வந்தது.

கம்பெனியின் நோக்கங்களையும் கவனிக்க வேண்டும். பயணிகளை ஏற்றி இறக்குவதோடு அது நிற்கவில்லை. இந்தியர்களுக்குக் கப்பல் ஓட்டப் பயிற்சி கொடுப்பது, கப்பல் கட்டும் தளம் அமைப்பது வரை எழுதி வைத்திருந்தார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்துவந்த ஒருவர், கடல் தொழிலில் எந்த முன் அனுபவமும் இல்லாமல், 34 வயதில் இப்படி ஒரு திட்டத்தை எழுதிப் பத்து லட்சத்துக்குக் கணக்குப் போட்டார் என்பதை நினைத்தாலே எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. படத்தில் சிவாஜியின் உடல்மொழியில் அந்த உறுதி தெரியும், திட்டத்தின் அளவு அவ்வளவாகத் தெரியாது.

வாடகைக் கப்பலில் விழுந்த முதல் அடி

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் ஸ்டீமர்ஸ் நிறுவனத்திடம் கப்பலை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். தொழில் தொடங்குகிறவருக்கு இது சரியான வழிதான்: முதல் போட்டுக் கப்பல் வாங்குவதற்கு முன்னால் தடத்தில் கூட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வாடகைக் கப்பலில் ஒரு ஆபத்து உண்டு. கப்பலுக்குச் சொந்தக்காரர் வேறு ஆள், அவரை மிரட்டினால் போதும். பி.ஐ. கம்பெனி அதைத்தான் செய்தது. நெருக்கடி தாங்காமல் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சுதேசிக் கம்பெனி இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துத் தற்காலிகமாகச் சமாளித்தது. இனி சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று வ.உ.சி. பம்பாய் கிளம்பினார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் அந்தக் கடலிலேயே விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக வரலாறு.

1907இல் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பெயர் காலியா, லாவோ. இரண்டும் பிரான்சிலிருந்து வந்தவை. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். வெகுகாலம் பிள்ளையில்லாதிருந்தவளுக்கு ஒரே பிரசவத்தில் இரட்டைப் பிள்ளை பிறந்ததுபோல என்று பாரதி தன் ‘இந்தியா’ பத்திரிகையில் பூரித்துப்போனார்.

கட்டணப் போர்: கணக்கு எப்படி வேலை செய்கிறது?

இனிதான் பலரும் குழம்புகிற இடம். பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து தலைக்கு ஒரு ரூபாய், அதாவது 16 அணா ஆக்கியது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு பி.ஐ. காரர்கள் இலவசமாகவே ஏற்றிப் போனார்கள், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது.

இதற்குக் கட்டணப் போர் என்று பெயர். போட்டியாளரைச் சந்தையை விட்டுத் துரத்துவதற்காக, அடக்கச் செலவுக்கும் கீழே விலையை இறக்குவது. அவர் போன பிறகு விலையை மறுபடி ஏற்றி, விட்ட காசை வட்டியோடு எடுத்துக்கொள்வது.

கப்பலில் இது ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது? கப்பல் கிளம்ப ஆகிற செலவு, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பெரிதாகப் பொறுத்ததில்லை. நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், காப்பீடு, கப்பல் வாங்கப் போட்ட முதலுக்கு வட்டி, எல்லாம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அளவுதான். கூடுதலாக ஒரு ஆள் ஏறினால் கூடும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் பணம் உள்ளவர் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்க முடியும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் எண்ணிக்கையும் கட்டணமும் நிஜம், மற்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒருவழிப் பயணத்துக்கு மொத்தச் செலவு 1,000 ரூபாய், மாதம் 20 பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

1. கட்டணம் 1 ரூபாய், கப்பல் நிறைய 1,300 பேர். வரவு 1,300. கையில் 300 நிற்கும்.

2. கட்டணம் 8 அணா, அதே கூட்டம். வரவு 650. இப்போது 350 நட்டம். கப்பல் நிரம்பி வழிந்தாலும் நட்டம்தான்!

3. எதிர்க் கம்பெனி இலவசம் என்றதும் பாதிப்பேர் அங்கே போய்விடுகிறார்கள். 8 அணாவில் 650 பேர். வரவு 325, நட்டம் 675. மாதத்துக்கு 13,500. வருடத்துக்கு 1,62,000.

4. முழுசாக இலவசமாக ஓட்டுகிறவருக்கு நட்டம் இன்னும் அதிகம். பயணத்துக்கு 1,000, மாதம் 20,000, வருடத்துக்கு 2,40,000.

கடைசி வரியைப் பார்த்தால் பி.ஐ. கம்பெனிதான் அதிகம் இழக்கிறது. ஆனால் அந்த 2,40,000ஐ நூறு கப்பலுக்குப் பங்கு போடுங்கள். ஒரு கப்பலுக்கு மாதம் 200 ரூபாய். ரங்கூன் தடத்திலோ பாரசீக வளைகுடாவிலோ சரக்குக் கட்டணத்தை இத்தனூண்டு ஏற்றினால் அது வந்துவிடும். சுதேசிக் கம்பெனிக்கு ஏற்றிக்கொள்ள வேறு தடம் கிடையாது. அதன் மூலதனம் பெரும்பாலும் கப்பலாக, இரும்பாக மாறிவிட்டது. அதை வைத்துச் சம்பளம் போட முடியாது. கையிருப்புப் பணம் வேண்டும், அதற்கு மறுபடி பங்குதாரர்களிடம்தான் போக வேண்டும். நட்டத்தில் ஓடுகிற கம்பெனியின் பங்கை யார் வாங்குவார்?

கட்டணப் போரில் அதிகம் இழப்பவர் தோற்பார் என்று ஒன்றும் இல்லை. முதலில் கையிருப்புத் தீருபவர்தான் தோற்பார்.

அப்படியிருந்தும் சுதேசிக் கம்பெனி சட்டென்று விழவில்லை. தூத்துக்குடி வியாபாரிகள் சரக்கைச் சுதேசிக் கப்பலுக்கே கொடுத்தார்கள். இலவசம் என்று கூப்பிட்டும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போனவர்கள் இருந்தார்கள். மேலே போட்ட கணக்கில் மூன்றாவது வரியைத் தடுத்து நிறுத்தியது அவர்கள்தான். பொருளாதாரப் பாடத்தில் வாடிக்கையாளர் எப்போதும் மலிவானதைத்தான் வாங்குவார் என்பார்கள். தூத்துக்குடியில் பல பேர் அப்படி வாங்கவில்லை.

இதே அடியை முன்னால் வாங்கியவர்கள்

இந்தத் தந்திரம் தூத்துக்குடியில் கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1880களில் பாரிசால் பக்கம் ஆற்றில் ஸ்டீமர் விட்டார். ஆங்கிலேயக் கம்பெனியோடு நடந்த போட்டியில் பயணிகளை இலவசமாக ஏற்றி, சாப்பிடவும் கொடுக்கிற அளவுக்குப் போய்க் கடனாளி ஆனார். பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடா 1890களில் ஜப்பானுக்கு நூல் ஏற்றிப்போக ஜப்பானியக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு கப்பல் வரிசை தொடங்கினார். டன்னுக்கு 12 ரூபாய் என்று அவர் சொன்னதும், அதுவரை அதற்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த பி. அண்ட் ஓ. என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி 2 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. டாடாவே மூடிவிட்டார். தூத்துக்குடிக்காரர்கள் எதற்குள் தலையைக் கொடுத்தார்கள் என்று இதிலிருந்து புரியும்.

வியாபாரிகளைக் கட்டிப்போட இன்னொரு வழியும் அந்தக் காலத்துக் கப்பல் உலகத்தில் இருந்தது. பெரிய கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டணி வைத்துக்கொள்ளும். ‘ஆறு மாதம் எங்கள் கப்பலில் மட்டும் சரக்கு அனுப்பினால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவோம், ஆனால் அதை வாங்க அடுத்த ஆறு மாதமும் எங்களிடமே அனுப்ப வேண்டும்’ என்பார்கள். நடுவில் ஒரு முறை வேறு கப்பலில் அனுப்பினால் சேர்ந்த பணம் போச்சு. இந்தக் கூட்டணிகளின் அடாவடி பற்றிய புகார்கள் ஏறி, லண்டனிலேயே 1906இல் ஒரு ராயல் கமிஷன் போட்டு விசாரித்தார்கள், 1909இல் அறிக்கை வந்தது. சுதேசிக் கம்பெனி பிறந்து அடிவாங்கிய அதே வருடங்கள்!

கோரல் மில்: தனிப் போராட்டம் இல்லை

இப்போது மில்லுக்கு வருவோம். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நீண்ட வேலைநேரம், அற்பக் கூலி, வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று கூட்டம் போட்டுப் பேசினார்கள், ஊரே சோறு போட்டது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் தன் பத்திரிகையில் இதைப் பாராட்டி எழுதினார்.

படத்தைப் பார்க்கிறவருக்கு இது வ.உ.சி.யின் இரக்க குணத்துக்கு ஒரு சான்றாகப் படும். இரக்கம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கோரல் மில்லை நடத்தியவர்கள் யார்? ஹார்வி. பி.ஐ. கம்பெனியின் தூத்துக்குடி ஏஜெண்டு யார்? அதே ஹார்வி. கடலில் கட்டணத்தை இறக்கிச் சுதேசிக் கம்பெனியை நசுக்கப் பார்த்தவர்களிடம், கரையில் கூலியை ஏற்ற வைத்தார் வ.உ.சி. ஊரில் யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு நிறுவனத்தை, ஒரு வக்கீலும் ஒரு துறவியும் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளிகளும் சேர்ந்து பணிய வைத்தார்கள் என்பதுதான் அதிகாரிகளை உண்மையில் கலக்கியது என்று நான் நினைக்கிறேன். வேலைநிறுத்தம் முடிந்து ஒரு வாரத்துக்குள் கைது நடந்தது.

அரசாங்கம் எந்தப் பக்கம் நின்றது?

துறைமுகத்தில் பாதிக்கு மேல் அரசாங்கத்தின் கையில் இருந்தது என்று முன்னால் சொன்னேன் இல்லையா? சுதேசிக் கப்பலில் போகாதே என்று அரசு ஊழியர்களுக்கு நெருக்கடி வந்தது. துறைமுகத்திலும் சுங்கத்திலும் இழுத்தடிப்பு. போட்டிக் கம்பெனியின் நலனும் அரசாங்கத்தின் நலனும் வேறில்லை என்று அதிகாரிகள் நடந்துகொண்டார்கள்.

பிறகு நடந்ததைத் தேதி வரிசையில் பார்த்தாலே போதும்.

1. 1908 மார்ச் 9: வங்காளச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைத் தடையை மீறிக் கொண்டாடுகிறார்கள்.

2. மார்ச் 12: வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் கைது.

3. மார்ச் 13: திருநெல்வேலி கொந்தளிக்கிறது. கடைகள் அடைப்பு, அரசுக் கட்டடங்களுக்குத் தீ, துப்பாக்கிச்சூடு. நான்கு பேர் சாகிறார்கள்.

4. ஜூலை 7: நீதிபதி பின்ஹே தீர்ப்பு. ராஜத்துரோகப் பேச்சுக்காக ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள். ஓர் ஆயுளுக்கு இருபது ஆண்டு என்று மொத்தம் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் இது ஆறு ஆண்டாகக் குறைந்தது.

ஆக, குற்றப்பத்திரிகையில் கப்பல் இல்லை, பேச்சுதான் இருந்தது. ஆனால் அந்தக் கைதால் உடனடியாகப் பலனடைந்தது யார் என்று பார்த்தால், நேராக பி.ஐ. கம்பெனியின் வாசலில் போய் நிற்போம்.

அப்படியென்றால் கம்பெனியை மூடவைத்தது எது?

இலவச டிக்கெட்டும் குடையும்தான் கம்பெனியைக் கொன்றன என்று பரவலாகச் சொல்கிறார்கள். என் கணிப்பு வேறு. கட்டணப் போர் கம்பெனியின் ரத்தத்தை உறிஞ்சியது, உயிரை எடுத்தது கைதுதான். எப்படி என்றால்:

1. பங்கு விற்கிற ஆள் உள்ளே போய்விட்டார். கட்டணப் போரில் நிற்க வேண்டுமானால் தொடர்ந்து புதுப்பணம் வர வேண்டும். அந்தப் பணம் வ.உ.சி. என்ற ஒருவரின் பேச்சையும் நடையையும் நம்பி வந்தது.

2. நாற்பதாண்டுச் சிறை என்ற தீர்ப்பைக் கேட்ட பிறகு, அந்தப் பெயரோடு சேர்ந்த கம்பெனியில் பங்கு வைத்திருப்பதே ஆபத்து என்று ஜமீன்தார்களும் வியாபாரிகளும் பயந்தார்கள். ஜமீனும் லைசென்சும் அரசாங்கத்தின் தயவில் இருந்தவை, அவர்களைக் குறைசொல்லவும் மனசு வரவில்லை.

3. இயக்குநர்களில் சிலருக்கு வ.உ.சி.யின் மேடை அரசியல் ஏற்கெனவே பிடிக்கவில்லை. தொழிலைப் பார்ப்போம், அரசியல் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். படம் இந்த உள் பூசலைத் தொட்ட அளவு போதாது, என் பார்வையில் அதன் பெரிய குறை இதுதான். எதிரி வெளியே மட்டும் இருந்திருந்தால் கதை சுலபம்.

1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கலைப்பு என்றால் சொத்தை விற்றுக் கடனை அடைத்து, மீதியிருந்தால் பங்குதாரருக்குக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. அப்படி விற்றதில் கப்பல் போய்ச் சேர்ந்த இடம் பி.ஐ. கம்பெனி. யாரை எதிர்த்து வாங்கினார்களோ அவர்களிடமே. சிறையில் செக்கிழுத்ததைவிட இந்தச் செய்திதான் அவரை அதிகம் நொறுக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. வரவேற்கக் கூட்டமும் இல்லை. தொழுநோயோடு வந்து நிற்கிற சிவாவை அவர் அடையாளம் தெரியாமல் பார்க்கும் அந்தச் சிறைவாசல் காட்சி, படத்திலேயே எனக்கு மிகவும் உண்மையாகப் படும் காட்சி. பல வருடம் வறுமையில் உழன்ற பிறகு, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உரிமத்தைத் திரும்பக் கொடுக்க உதவினார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

கைது நடக்காமல் இருந்திருந்தால்?

இதற்கு இரண்டு விஷயங்களை வைத்து யோசிக்கலாம். ஒன்று, 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் படகுப் போக்குவரத்து வந்தது. கொழும்பு போகிற கூட்டம் பெருமளவு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரே தடத்தை நம்பிய கம்பெனிக்கு அது பேரிடியாக இருந்திருக்கும். அதற்குள் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ விரிந்திருந்தால்தான் பிழைத்திருக்கும்.

இன்னொன்று, 1919இல் வால்சந்த் ஹிராசந்தும் கூட்டாளிகளும் தொடங்கிய சிந்தியா கம்பெனி. அவர்கள் திட்டமிட்ட மூலதனம் நாலரைக் கோடி, சுதேசிக் கம்பெனியைப்போல 45 மடங்கு. அதே பி.ஐ. கம்பெனி அதே கட்டணப் போரை அவர்கள்மேலும் தொடுத்தது. சிந்தியா விழவில்லை, ஆனால் 1923இல் இத்தனை கப்பலுக்கு மேல் ஓட்டமாட்டோம் என்று பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உயிர் தப்பியது. அவர்களின் முதல் கப்பல் லாயல்டி பம்பாயிலிருந்து கிளம்பிய ஏப்ரல் 5ஐத்தான் இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். காலியா தூத்துக்குடிக்கு வந்தது அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இப்போது போட்டிச் சட்டம், 2002 இருக்கிறது. அதன் 4ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் செலுத்துகிற நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்கச் செலவுக்குக் கீழே விற்பதைத் தவறு என்கிறது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஆதிக்கம், செலவுக்குக் கீழான விலை, ஒழிக்கும் நோக்கம். வெறுமனே இலவசம் கொடுப்பது குற்றமில்லை. ஜியோ இலவசமாகக் கொடுத்தபோது ஏர்டெல் போட்ட புகாரை 2017இல் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது, காரணம் ஜியோ அப்போது சந்தைக்குப் புதுசு, ஆதிக்கம் செலுத்துகிற இடத்தில் இல்லை.

1907இன் தூத்துக்குடிக்கு இந்த மூன்று கேள்வியையும் போட்டுப் பாருங்கள். தடம் முழுக்க ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. விலை பூஜ்யம். கப்பலை வாடகைக்குக் கொடுத்தவரையே மிரட்டித் திரும்ப வாங்க வைத்ததிலிருந்து நோக்கமும் தெரிகிறது. இன்றைக்கு இது ஆணையத்தின் முன்னால் போயிருக்கும். அன்றைக்கு வ.உ.சி. இந்த வழக்கைக் கொண்டுபோக நினைத்திருந்தால், அதைக் கேட்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய அரசாங்கத்தின் அதிகாரிகள்தான்.